இழுப்பு நின்ற பள்ளிக்கூடம்

எனக்குப் பெயர் வைத்தவர்கள் மேல்தான் என் முதல் கோபம். தணிகாசலம். திருத்தணியில் முருகனுக்குச் சினம் தணிந்ததாம். அதனால் மலைக்கு அந்தப் பெயர். மலையின் பெயரைத் தூக்கி எனக்கு வைத்துவிட்டார்கள். சினம் மட்டும் தணியவே இல்லை. உப்புக்காரன்மேடு நடுநிலைப் பள்ளியில் நான் விளையாட்டு வாத்தியார். கேட் திறப்பதிலிருந்து பூட்டுவது வரை மைதானத்தில் நின்றுகொண்டு கத்துவதுதான் என் உத்தியோகம். நின்றுகொண்டு என்பதைக் கவனியுங்கள். விளையாட்டு வாத்தியார் உட்கார்ந்தால் பிள்ளைகள் படுத்துவிடுவார்கள் என்பது என் கட்சி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து போன மாதம் வரை அந்த மைதானத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் எனக்குக் கோபம் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது. அது போவதற்குள் எழுதிவிட வேண்டும்.

எங்கள் பேட்டை சென்னையின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் நிலக்கரிக் கிடங்கு, இன்னொரு பக்கம் ஆலை. காலையில் வெள்ளைச் சட்டை போட்டால் சாயங்காலம் அது வேறு சட்டை. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இழுப்பு. டாக்டர்கள் வீசிங் என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது இழுப்புதான். என் மகள் சுடரொளிக்கும் உண்டு. ஐந்தாம் வகுப்பு, என் பள்ளியிலேயே படிக்கிறாள். மூக்குக்கு மேல் கோபம், என் மகளாயிற்றே. ஒரு நாள் கபடி ஆட்டத்தில் எதிரணியைத் துரத்திக்கொண்டு ஓடியவள் கோட்டைத் தாண்டியதும் மடிந்து விழுந்தாள். உதடு நீலமாகிவிட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரை ஓடினேன். காதோரம் அந்த விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாதி வழியில் அது நின்றுவிட்டது. அந்த நிசப்தத்தை என் எதிரிக்கும் நான் நினைக்க மாட்டேன். எப்படியோ பிழைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் மரங்கள் வந்தன. மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆட்கள் பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டி வளையமாக நட்டார்கள். ஒரே வருஷத்தில் மாடி உயரம் வளர்ந்துவிட்டன. நனைந்த சிலேட்டு போல ஒரு வாசனை. கம்பெனி வைத்த பெயர் மூச்சுமரம். அதை உருவாக்கிய விஞ்ஞானிகளில் ஒருவரான நஸ்ரின், வாணியம்பாடிக்காரப் பெண், பெற்றோர் கூட்டத்துக்கு வந்து விளக்கம் சொன்னார்.

"வேப்ப மரத்தைப் பூச்சி கடிச்சா அது சும்மா இருக்காதும்மா. இலையில கசப்பு ஏத்திக்கும். பக்கத்து மரத்துக்கு வாசனையிலயே தகவல் சொல்லும். அந்தக் குணத்தைத்தான் நாங்க கொஞ்சம் திருப்பி விட்டிருக்கோம். பிள்ளைக்கு இழுப்பு வரும்போது மூச்சோட வாசனை மாறும். நமக்குத் தெரியாது, இந்த மரத்துக்குத் தெரியும். உடனே நெஞ்சை விரிக்கற மருந்தை ஆவியா விடும்."

பூ விற்கும் ஜமுனா எழுந்து நின்றாள். அவள் பையன் லோகு என் கபடி அணியின் தூண், அவனுக்கும் இழுப்பு. "இன்னா மேடம் சொல்றீங்க? மரம் மருந்து வுடுமா? பெரியவங்க மேல பட்டா எதுனா ஆவுமா?"

"ஆகாதும்மா. அது காத்தை விடக் கனமான ஆவி, தரையோடயே தேங்கும். பிள்ளைங்க உயரத்துக்குத்தான் அளந்து செஞ்சிருக்கோம். நின்னுட்டிருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஏறாது."

"அளவு கூடிப்போச்சுன்னா?" என்று நான் கேட்டேன்.

"மரமே கத்துக்கும் சார். ஒவ்வொரு ஊர்க் காத்தும் ஒவ்வொரு மாதிரி இல்லையா? இழுப்பு நிக்குதா இல்லையான்னு மட்டும் பார்க்கும். நிக்கற வரைக்கும் மாத்தி மாத்தி விட்டுப் பார்க்கும்."

நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது. கைதட்டினேன்.

மருந்து வேலை செய்தது. இழுப்பு வரும், பிள்ளை மரத்தடியில் போய் உட்காரும், கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடும். எங்கள் ஜனங்களுக்கு அது போதுமா? கும்பிட வேண்டாமா? மஞ்சள் துணி கட்டினார்கள், குங்குமம் வைத்தார்கள், மூச்சாத்தா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதோடு நின்றிருந்தாலும் சரி. பேய் பிடித்தவர்களின் தலைமுடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள் அல்லவா, பேய் மரத்துக்குப் போய்விடும் என்று? ஜமுனா ஒரு நாள் காலையில் லோகுவின் முடியில் ஒரு கொத்தை வெட்டி எடுத்துவந்து, மூச்சாத்தா மேல் வைத்து, ஆணியை இறக்கிவிட்டாள்.

"அறிவு கீதா உனக்கு? மருந்து குடுக்கற மரத்துல ஆணி அடிக்கற?" என்று கத்தினேன்.

"நேத்து ராத்திரி பூரா இழுத்துக்கினு கெடந்தான் சார். அந்த இழுப்ப ஆத்தா இழுத்துக்குவா. நீ வேணா பாரு."

பார்த்தேன். அதுதான் வேடிக்கை. அன்று பள்ளி முழுக்கச் சிலேட்டு வாசனை தூக்கிற்று. பிள்ளைகள் சிட்டாகப் பறந்தன. லோகு ஒரே மூச்சில் எதிரணியில் பாதியைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். பிறகு கேட்கவா வேண்டும்? எந்தப் பிள்ளைக்கு இழுப்பு வந்தாலும் மறுநாள் காலையில் அம்மா முடியும் ஆணியுமாக வந்து நிற்பாள். என் மனைவி மேகலா படித்தவள், தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவள். அவளும் சுடரின் காதுக்குப் பின்னால் கத்தரித்து எடுத்துக்கொண்டு போனாள். வீட்டில் பெரிய சண்டை. "உடம்பு நீலமானப்ப தூக்கினு ஓடுன ஆளு நீ. உனக்கு இத விட இன்னா வேணும்?" என்றாள்.

மரப்பட்டை தெரியாத அளவுக்கு ஆணிகள் ஏறின. அந்தக் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சில வாரங்களில் இழுப்பு சுத்தமாக நின்றுவிட்டது. ஒரு பிள்ளைக்குக்கூடக் கிடையாது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கம்பெனிக்கு விருது. உப்புக்காரன்மேட்டுப் பிள்ளைகளின் நெஞ்சு இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று ஆலைக்கு இன்னொரு புகைபோக்கி கட்ட அனுமதி கொடுத்தார்கள். வயிறு எரிந்தது. ஆனால் பிள்ளைகளின் மூச்சைக் கேட்கும்போது அதுவும் அடங்கிவிடும்.

பிறகுதான் பள்ளிக்கூடத்தில் சத்தம் குறைந்துபோனதைக் கவனித்தேன்.

தலைமை ஆசிரியை பாக்கியவதிக்கு அது சொர்க்கம். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்ல சார். சண்டை இல்ல, புகார் இல்ல. கையெழுத்துகூட அழகாயிடுச்சு" என்று பூரித்துப்போனார். பெல் அடித்தால் பிள்ளைகள் கும்பலாகப் பாய்ந்து வெளியே வருவதில்லை, நடந்து வந்தார்கள். மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் விசில் ஊதினால் எழுந்து வந்து நின்றார்கள். ஒருவன்கூட முனகவில்லை.

கபடிப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. லோகுவை ரைடு அனுப்பினேன். கபடி கபடி என்று பாடிக்கொண்டு போனான். நடுக்கோட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டான். நின்றபடியே பாடினான். மூச்சு உடையவே இல்லை. அப்படி ஒரு நீளமான பாட்டை எந்த ஆட்டக்காரனிடமும் நான் கேட்டதில்லை. எதிரே ஏழு பேர் கைகோத்துக்கொண்டு அவனைப் பார்த்தபடி நின்றார்கள். அவன் யாரையும் தொடவில்லை. அவர்களும் பிடிக்கவில்லை.

"டேய், புடிங்கடா அவன! மரமா நிக்கறீங்க?"

கடைசியில் நின்ற பையன் மரியாதையாகத் திரும்பி, "எதுக்கு சார்?" என்றான்.

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டான். லோகு இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தான். அன்று நான் பயந்தேன்.

வீட்டில் சுடரும் அப்படித்தான் ஆகியிருந்தாள். வறுத்த மீனில் பெரிய துண்டுக்காக என்னோடு மல்லுக்கு நிற்கிறவள், தட்டை என் பக்கம் தள்ளி வைத்தாள். டிவி ரிமோட்டுக்குச் சண்டை இல்லை. சனிக்கிழமை முழுக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திடீரென்று, "என் பென்சில யாரு எடுத்தது?" என்று ஒரு கத்தல் வரும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் என் மகள் வீட்டுக்கு வருவாள். வந்த கொஞ்ச நேரத்தில் இழுப்பும் வந்துவிடும். வாயில் மருந்துப் பம்பு அடித்தாலும் முன்பு போல அது கேட்பதில்லை.

நஸ்ரின் அடுத்த முறை வந்தபோது கையைப் பிடித்து இழுக்காத குறையாக மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். லோகுவைப் பாடச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு மரத்தடிக்குப் போய் மஞ்சள் துணியை விலக்கினார்.

"இவ்வளவு ஆணியா? இதை எப்போ அடிக்கறாங்க சார்?"

"எந்தப் புள்ளைக்கு இழுப்பு வருதோ, மறுநாள் காலைல. முடிய வெச்சு அடிப்பாங்க."

"எப்பவுமே அப்படித்தானா? முதல்ல இழுப்பு, பின்னால ஆணி?"

"பின்ன, இழுப்பு வராமயே அடிப்பாங்களா?"

"சார், ஆணி இறங்கினா மரத்துக்கு அது காயம். காயம் பட்டா எல்லா மரமும் கையில இருக்கறதை மொத்தமா விடும். அதனாலதான் அன்னிக்குப் பிள்ளைங்க அப்படி ஓடினாங்க. அது குணமானது இல்ல, மரங்க அலறினது. திரும்பத் திரும்ப இப்படியே நடந்ததுல மரத்துக்கு ஒண்ணு பிடிபட்டுப்போச்சு. இழுப்பு வந்தா பின்னாலயே ஆணி வரும்."

"அதுக்கு?"

"ஆணி வரக்கூடாதுன்னா இழுப்பு வரக்கூடாது. எவ்வளவு மருந்து கொடுத்தாலும் ஓடற பிள்ளைக்கு எப்பவாவது இழுக்கும். ஓடாத பிள்ளைக்கு இழுக்காது. அழாத பிள்ளைக்கு, சண்டை போடாத பிள்ளைக்கு, விழுந்து விழுந்து சிரிக்காத பிள்ளைக்கு இழுக்காது. மாத்தி மாத்தி விட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிச்சிருக்கு. நாங்கதானே நிக்குதான்னு மட்டும் பார்க்கச் சொன்னோம்? அதுக்கு இழுப்பு நிக்கணும் சார். எப்படி நின்னாலும் அதுக்கு ஒண்ணுதான்."

மரத்தடியில் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுடரும் அங்கேதான் இருந்தாள்.

"இதோட நிக்குமா மேடம்?"

"மெதுவா மூச்சு விட்டா இழுப்பு இன்னும் குறையும். மூச்சே குறைஞ்சா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "கம்பெனில சொல்றேன். ஆனா இழுப்பை எண்ணற அவங்க மீட்டர் பூஜ்யம் காட்டுது. பூஜ்யத்தைப் பார்த்துட்டு யார் மரத்தை வெட்டுவாங்க? நீங்க உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுங்க சார். கொஞ்ச நாள் கஷ்டப்படுவா. தெளிஞ்சிடும்."

என் பெண்ணை மட்டும் காப்பாற்றிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. பெற்றோர் கூட்டத்தைக் கூட்டி, மரத்தை வெட்ட வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஜமுனா கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள்.

"சார், என் மூத்தவன் இழுப்புலதான் போனான். உனக்கே தெரியும், நீதான் மாலை போட்டே. இவன் உயிரோட கீறான். ஓடலன்னா இன்னா இப்போ? ஓடி இன்னாத்த கண்டோம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீலமான உதடு என் கண்ணில் வந்து நின்றது. நான் மேடையை விட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

சரி, சுடரையாவது கூட்டிக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்தேன். என் தங்கை போளூரில் இருக்கிறாள். அங்கே மலைக்காற்று. அங்கேயுள்ள பள்ளியில் பேசியாகிவிட்டது. டிசி கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். டிசி இல்லாமல் எந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கிறார்கள் நம் ஊரில்? ஒரு வாரம் சுடரைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்தோம். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் கழிந்தது. மேகலா என்னைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் வியாழக்கிழமை சுடர் என்னைக் கிள்ளினாள். வெள்ளிக்கிழமை, "போளூர்ல என்ன மாடு மேய்க்க வுடப் போறியா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மேகலாவே அதைக் கேட்டுவிட்டுப் பையில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

அன்றே சாயங்காலப் பஸ். மத்தியானம் டிசி வாங்கக் கிளம்பினேன். "நானும் வருவேன், எல்லாருக்கும் டாட்டா சொல்லணும்" என்று ஒரே அடம். அந்த அடத்தைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று! வாடி என் தங்கம் என்று கூட்டிப்போனேன்.

"கையெழுத்து போட்டுட்டேன் சார்" என்றார் பாக்கியவதி. "சீல் கிளார்க் கிட்ட இருக்கு. சாப்பிடப் போயிருக்கார், இதோ வந்துடுவார். அப்படி நிழல்ல இருங்களேன்."

நிழல் என்றால் அங்கே மரத்தடிதான். நான் வெயிலில் மைதானத்து நடுவில் போய் நின்றேன். சுடரைக் கையில் பிடித்திருந்தேன். கையை உதறிவிட்டு, "ஏய் லோகு!" என்று கத்திக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். என்ன ஓட்டம்! முடியெல்லாம் பறந்தது. அந்தப் பள்ளியில் அன்று ஓடியது அவள் ஒருத்திதான். அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவன் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தான். அடுத்த நொடி அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது.

நான் ஓடி வருவதற்குள் வேரில் சாய்ந்துவிட்டாள். பம்பை வாயில் வைத்து அடித்தேன். கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று குனிந்தேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். உதட்டு ஓரத்தில் அந்த நீலம்.

"அப்பா... உக்காருப்பா."

உட்கார்ந்தேன்.

மடியில் தலையை வைத்துக்கொண்டாள். நனைந்த சிலேட்டு வாசனை. அவள் நெஞ்சு மெல்ல இறங்கியது. விசில் சத்தம் தேய்ந்து நின்றது. என் கழுத்திலும் நெற்றியிலும் எப்போதும் தெறித்துக்கொண்டிருக்கும் நரம்பு அடங்கியது. அது தெறித்துக்கொண்டிருந்ததே அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. கிளார்க் ஜன்னலில் எட்டிப்பார்த்து, "சார், டிசி ரெடி!" என்று கூப்பிட்டார்.

"இருக்கட்டும் சார். திங்கக்கிழமை வாங்கிக்கறேன்" என்றேன்.

அது போன மாதம். டிசி கிளார்க் மேசை மேலேயே இருக்கிறது. தினமும் வாங்கப் போகிறேன். போகும் வழியில் மரத்தடியில் கொஞ்சம் உட்காருகிறேன். பாக்கியவதி, "இப்பதான் சார் பேருக்கு ஏத்த ஆளா இருக்கீங்க" என்கிறார். நானும் சிரிக்கிறேன். விசில் எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை பெல் அடித்த பிறகும் லோகு எழுந்திருக்கவில்லை. மரத்தில் சாய்ந்தபடி இருந்தான். மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வர வெகு நேரம் ஆயிற்று. ஜமுனா வந்து, "தூங்கறான், பாவம்" என்று தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அவள் ஓடவில்லை. ஓடு ஜமுனா என்று நானும் கத்தவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இழுப்பு எதுவும் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. நல்லது. கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். துணிப்பை வாசல் ஓரத்திலேயே இருக்கிறது. டிசியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். சாயங்காலப் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இப்போதே எழுந்தால் பிடித்துவிடலாம்.

உள்ளே சுடர் இழுக்க ஆரம்பித்துவிட்டாள். மேகலா பம்பை உதறி உதறி அடிக்கிறாள். அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது.

"அப்பா," என்கிறாள் நடுநடுவே மூச்சை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு... ஸ்கூல் உண்டுல்ல?"

உண்டும்மா என்று சொல்லிவிட்டேன். பையை உள்ளே வைத்துவிட்டு அவள் யூனிபார்மை எடுத்து இஸ்திரி போட வேண்டும்.